ஊரில் ஒன்றுமில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன்

கேள்வி:

மேடம், எனக்கு 37 வயது. பிறந்த ஊர் தோவாளை பக்கம். கல்யாணமாகி திருவட்டாறு பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. கணவர் சவூதியில். கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, மாமனார் பால் வெட்டுவார், நான் உறைய வைத்து ஷீட் அடிப்பேன். மகள் ஆறாம் வகுப்பு. 'எங்கள் ஊர்' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். "அம்மா, நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். "என்ன இருக்கு, ரப்பரும் குளமும்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் அதையே நாலு வரியாக எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. சென்னையிலிருந்து நாத்தனார் வந்தால் மாத்தூர் பாலம், எங்கள் கிணற்றடி, காயப்போட்ட ஷீட் என்று போட்டோ எடுத்துத் தள்ளுகிறார். எனக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. கணவர் போனில் "ஊர் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அப்படியேதான் இருக்கு" என்பதைத் தாண்டி வார்த்தை வரவில்லை. என் மனசுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? காலாண்டு லீவுக்கு மூணாறு போகலாமா என்று யோசிக்கிறோம். போய் வந்தால் சரியாகிவிடுமா?

(பெயர் வேண்டாம், திருவட்டாறு பக்கம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் பயந்துபோய்க் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடிதத்தில் எல்லாவற்றையும் யாரும் எழுதிவிடுவதில்லை, அதனால் இதை மட்டும் நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்: ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சாப்பாடு ருசிக்கிறதா, மகள் குறும்பு செய்தால் சிரிப்பு வருகிறதா, பிடித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் சந்தோஷமாக இருக்கிறதா. இவை எல்லாவற்றிலுமே ஒரு மந்தம் வந்து, அது தினமும் பகல் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாது, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கணவர் வெளிநாட்டில், வீட்டில் வயசான மாமனார், விடிவதற்கு முன்னால் எழுந்தால் பால், அப்புறம் ஷீட், சமையல், பிள்ளையின் படிப்பு என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிற பெண்களுக்கு அலுப்பும் மனச்சோர்வும் கலந்தே வருவதுண்டு. உங்களுக்கு வந்திருப்பது எது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் சரி, ஊர் மட்டும்தான் கண்ணில் படவில்லை என்றால் மேலே படியுங்கள். ஊர்மேல் அக்கறை இல்லாதவருக்கு மகள் எழுதிய நாலு வரியைப் படித்து மனசு கலங்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள். மூக்கின் ஒரு பக்கம் தெரிகிறதா? கண் திறந்திருக்கிற நேரமெல்லாம் அது உங்கள் பார்வைக்குள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் நான் சொன்ன பிறகுதான் தெரிகிறது. மாறாமல் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதுதான் மூளையின் வழக்கம். டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்: ஒரு புள்ளியை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஓரத்தில் இருக்கும் மங்கலான நிறங்கள் கொஞ்ச நேரத்தில் மறைந்தே போகும். வாசனையும் அப்படித்தான். காய்கிற ஷீட்டின் அந்தப் புளித்த வாடை கல்யாணமான புதிதில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோவாளையின் பூ வாசத்திலும் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் வளர்ந்தவர் நீங்கள், அந்த வாடை உங்களைச் சும்மா விட்டிருக்காது. இன்றைக்கு உங்கள் நாத்தனாருக்கு அடிக்கிறது, உங்களுக்கு அடிப்பதில்லை. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அந்த வாடையை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதைத்தான் நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பர்ஸை எடுக்காமல், ஊதா நிற நூறு ரூபாய் நோட்டை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் என்ன படம்? ஓரத்தில் வரிசையாகப் பல மொழிகளில் எழுதியிருக்கிறதே, அதில் தமிழ் எத்தனையாவது வரி? இப்போது எடுத்துப் பாருங்கள். குஜராத்தில் இருக்கும் ராணி கி வாவ் என்ற படிக்கிணறுதான் படம். 15 வரிகளில் தமிழ் 13ஆவது, அதற்குக் கீழே தெலுங்கும் உருதுவும். உங்கள் கையில் எத்தனை நூறு ரூபாய் வந்து போயிருக்கும்! தெரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1979ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். எட்டு முக்கிய அடையாளங்களில் மூன்று அளவுக்குத்தான் சரியாகப் போட முடிந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம்தான். நோட்டைப் பார்க்கும்போது நாம் கேட்கிற ஒரே கேள்வி, இது எத்தனை ரூபாய் என்பது. நிறம் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. பதில் கிடைத்ததும் கண் நகர்ந்துவிடுகிறது.

உங்கள் ஊரிலும் நடந்திருப்பது அதுதான். குளத்தைப் பார்க்கும்போது துணி துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா, ரப்பரைப் பார்க்கும்போது இன்றைக்குப் பால் எவ்வளவு, மழை வந்து கெடுத்துவிடுமா, பாலத்தைப் பார்க்கும்போது பஸ் வந்துவிட்டதா. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அந்த இடங்கள் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. 14 வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே பதிலை வாங்கியதால் "அப்படியேதான் இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

'எல்லாவற்றையும் குழந்தையைப் போல அதிசயமாகப் பாருங்கள்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. ரப்பர்ப் பாலில் ஆசிட் கலக்கும்போதும், ரோட்டைத் தாண்டும்போதும், மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சமைக்கும்போதும் எல்லாமே புதிதாகத் தெரிந்தால் வேலை நடக்காது, நாமும் களைத்துப்போவோம். பழக்கம் நமக்குச் செய்கிற உதவி பெரிது, அதை எதிரியாக நினைக்க வேண்டாம். அப்புறம் இன்னொன்று, 'புதுக் கண்ணால் பார்' என்று கண்ணுக்கு உத்தரவு போட முடியாது. நீங்கள் முயற்சி செய்திருப்பீர்கள், கிணற்றடியில் நின்று 'இது அழகாகத்தான் இருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் நடந்திருக்காது. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால்தான் அது வேறு இடத்துக்குப் போகும்.

இதை வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை. 1960களில் சோவியத் ரஷ்யாவில் யார்பஸ் என்ற விஞ்ஞானி, கண் எங்கே எங்கே போகிறது என்று பதிவு செய்யும் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார். ரேபின் என்ற ஓவியர் வரைந்த ஒரு படம், வெகுநாள் நாடு கடத்தப்பட்டிருந்த ஒரு மனிதர் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிறார், உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். (கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற உங்களுக்கு அந்தப் படம் உடனே புரியும்.) ஒரே ஆளை ஒரே படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு தடவையும் கேள்வியை மட்டும் மாற்றினார். இவர்களுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டால் கண் முகம் முகமாகத் தாவியது. வசதி எப்படி என்று கேட்டால் உடுப்புக்கும் நாற்காலி மேஜைக்கும் போனது. படம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, கண் போன பாதை மட்டும் அடியோடு மாறியது.

சரி, உங்கள் தோட்டத்துக்கே வருகிறேன், ஏனென்றால் நீங்கள் 'ரப்பரும் குளமும்தான்' என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. நாளைக்குக் காலையில் மாமனாருக்குக் கட்டன் சாயா கொண்டுபோகும்போது ஒரு மரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பட்டையில் இருக்கும் வெட்டை மட்டும் பாருங்கள். வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது? மரத்தைப் பார்த்து நின்றால் இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்கும். பக்கத்து மரத்தையும் பாருங்கள், அடுத்த தோட்டத்தையும் பாருங்கள், அப்படியேதான் இருக்கும். ஏன் இடது மேல்? ஏன் மாற்றி வெட்டுவதில்லை? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, மேலே போகப் போகக் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடது மேலிருந்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். மாற்றி வெட்டினால் குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வுக்குத் தோதாகத்தான் மாமனாரின் கை தினமும் போகிறது.

ஏன் விடிவதற்கு முன்னால்? ராத்திரியில் இலைகள் வழியாகத் தண்ணீர் அதிகம் போவதில்லை, மரத்துக்குள் அழுத்தம் நிறைந்து இருக்கும், பால் தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் இலைகள் தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும், அழுத்தம் இறங்கிவிடும். நீங்கள் நாலு மணிக்கு எழுவதற்கு இதுதான் காரணம், அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது மாமனார் இல்லை, மரம். அப்புறம் வெட்டின் ஆழம். பட்டைக்கும் தடிக்கும் நடுவே மெல்லிய ஒரு அடுக்கு இருக்கிறது, புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். பால் குழாய்களில் பெரும்பங்கு அந்த அடுக்கை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே கத்தி கிட்டத்தட்ட அதுவரைக்கும் போக வேண்டும், ஆனால் அதைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முண்டு முண்டாகக் காய்த்துவிடும். பழைய மரங்களில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், சில இடம் வழுவழுவென்று மறுபடி மூடியிருக்கும், சில இடம் கரடுமுரடாக இருக்கும். எந்த வருஷம் யார் வெட்டியது, யார் கை சுத்தம், யார் அவசரக்காரர் என்று மாமனாரால் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள், வெட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

பார்த்தீர்களா, ஒரு வெட்டுக்கே இவ்வளவு. ஒரு மரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கோடு.

இப்போது ஆவணி, ரப்பர்க் காய் வெடித்துத் தெறிக்கிற காலம். ஓட்டின்மேல் 'டப்' என்று விழும் சத்தம் இப்போதெல்லாம் உங்கள் காதில் விழுகிறதா தெரியாது. மகளுக்கு இதை ஒரு வேலையாகக் கொடுங்கள். கீழே கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, தோலில் இருக்கும் புள்ளியும் கோடும் பார்த்து ஒன்றுபோல இருப்பவற்றைத் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். விதையின் மேல்தோல் முழுக்க முழுக்கத் தாய் மரத்தின் பங்கு, மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் அதில் மாற்றம் வராது. அதனால் ஒரு மரத்துக் கொட்டைகளெல்லாம் ஒரே அச்சாக இருக்கும், தோலைப் பார்த்தே தாய் மரம் எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே ரகத்தை ஒட்டுக்கட்டி வைத்த தோட்டம் என்றால் எல்லாக் கொட்டையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும். பழைய விதை மரங்கள் வேலி ஓரத்தில் ஒன்றிரண்டு நின்றால் ஆட்டம் சுவாரஸ்யமாகிவிடும். அப்போது அவளிடம் இதையும் சொல்லலாம்: 1876ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அதில் முளைத்த கொஞ்சம் கன்றுகளிலிருந்துதான் ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை பெருகின. அவள் கையில் இருக்கிற கொட்டையின் பூர்வீகமும் அநேகமாக அங்கேதான் போய் முடியும். கட்டுரைக்கு இதுவே ஒரு பக்கம் வரும்.

வேறு தொழில் தெரிந்தவர் ஒருவர் நம் மாவட்டத்தைப் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கு மணவாளக்குறிச்சியைச் சொல்வேன், உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து தென்னந்தும்புக் கயிறு அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும். கயிற்றில் மணல் ஒட்டியிருக்கும். வாங்குகிறவருக்கு அது உதறித் தள்ள வேண்டிய அழுக்கு. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த மணலை உதறவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். மோனசைட் என்ற கனிமம் இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அந்தக் காலத்து கேஸ் விளக்குகளின் மேண்டிலுக்கு, நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் அந்த வெள்ளை வலைக்கு, தோரியம்தான் உயிர். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சி வரைக்கும் வந்துவிட்டார், ஆலையும் வந்தது, இன்றைக்கும் அங்கே மணலைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது.

அவர் நம்மைவிடக் கூர்மையான ஆள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய தொழில் அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். அதே மணலைக் கரைமடி வலை இழுக்கிறவர் பார்த்தால் கரை எங்கே அரித்திருக்கிறது என்று கேட்பார். கன்னியாகுமரியில் கடை போட்டிருப்பவர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று பிரித்துப் பொட்டலம் கட்டுவார். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்று தெரிந்த ஒரு தாய், என் பிள்ளை இதில் விளையாடலாமா என்று கேட்பாள். இதில் எந்தக் கேள்வியும் மற்றதைவிடத் தாழ்ந்ததில்லை, அந்தத் தாயின் கேள்வியும்தான். ஒரு விஷயத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும் என்றால் அதை வேறு தொழில்காரர், வேறு வயசுக்காரர், வேறு கவலை உள்ளவர் என்ன கேட்பார் என்று யோசித்து, அந்தக் கேள்வியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தனார் உங்கள் கிணற்றடியைப் பார்த்தால் எதைப் பார்ப்பார்? தையல்காரர் உங்கள் மாமியாரின் பழைய முண்டுத் துணியைப் பார்த்தால்? உங்கள் மகளின் உயரத்தில் குனிந்து பார்த்தால் அடுக்களை எப்படி இருக்கும்? இந்தக் கடைசியை நிஜமாகவே செய்து பாருங்கள். மேடைக்கு அடியில் எத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

மாத்தூர் பாலத்துக்கும் இதே வழிதான். நாத்தனார் எடுக்கிற போட்டோவைப் பார்த்து உங்களைக் குறைத்து நினைக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வந்ததால் அவருக்குக் கண் விழித்திருக்கிறது, சந்தோஷம், ஆனால் 'போட்டோவில் நன்றாக வருமா' என்பதும் ஒரு பழகிப்போன கேள்விதான், அதற்குப் பதில் கிடைத்ததும் அவரும் காரில் ஏறிவிடுகிறார். நீங்கள் தண்ணீரின் பக்கம் நின்று கேளுங்கள். காமராஜரின் முயற்சியில் தொடங்கி 1966ல் முடிந்த பாலம், 115 அடி உயரம், 28 தூண்கள், இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் போக வேண்டிய வாய்க்கால் தண்ணீருக்கு நடுவில் பறளியாற்றுப் பள்ளம் குறுக்கே வந்துவிட்டது. மோட்டார் வைத்து ஏற்றவில்லை, தானாகவே ஓடுகிறது. தானாக ஓட வேண்டும் என்றால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும் தொட்டியின் தரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அடுத்த முறை மேலே நடக்கும்போது அந்தச் சரிவைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று மகளோடு பந்தயம் கட்டுங்கள். மிதந்து போகிற ஒரு இலையோடு சேர்ந்து நடந்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடங்கள். கீழே ஆறு ஒரு பக்கமாகப் போகிறது, அதற்கு மேலே, அத்தனை உயரத்தில், இன்னொரு தண்ணீர் குறுக்காகப் போகிறது, கல்குளம் விளவங்கோடு பக்கத்து வயலுக்கும் தோப்புக்கும் பாய்வதற்காக. அந்த வாய்க்கால் உங்கள் ஊர்க் குளத்தோடு சேருகிறதா, குளம் எங்கிருந்து நிறைகிறது, எங்கே வழிகிறது என்று கேட்க ஆரம்பித்தால், நீங்கள் ஒரே வார்த்தையில் சொன்ன 'குளம்' எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் கிடைக்கிறது, எந்த மழை உங்கள் குளத்தை நிறைக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லின் கதையும் சேர்ந்து வரும். இன்றைக்கு ரப்பரும் வாழையும் நிற்கிற எத்தனை இடம் முன்பு வயலாக இருந்தது என்பதும் வரும். அதைக் கேட்கும்போது கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும், அதுவும் மகளுக்குத் தெரியட்டும்.

கணவர் விஷயம். 'ஊர் எப்படி இருக்கு' என்பது ரொம்பப் பெரிய கேள்வி, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "இப்ப உங்களுக்கு ஊர்ல எந்த இடம் ஞாபகம் வருது?" அவர் மனசில் இருப்பது கடைசி லீவில் பார்த்த ஊர், அவருடைய சின்ன வயசு ஊர். அயினி மரம் ஒன்று நின்றதே, அது இருக்கிறதா என்று கேட்பார், அல்லது மட்டி வாழைக் குலை வெட்டினீர்களா, பலா மரத்தில் வரிக்கைச் சக்கை எத்தனை காய்த்தது என்று கேட்பார். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, உண்மையிலேயே போய்ப் பாருங்கள். அவருக்காகப் பார்க்கும்போது கண் தானாகவே நின்று பார்க்கும், ஏனென்றால் ராத்திரி அவருக்குச் சொல்ல வேண்டும். வீடியோவில் காட்டுவதைவிட வாயால் சொல்லுங்கள். காட்டினால் கேமரா பார்த்துக்கொள்ளும், சொன்னால் நீங்கள் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவையும் செய்ய வேண்டும் என்று நினைத்து மலைக்க வேண்டாம், உங்களுக்கு இருக்கிற வேலைக்கு இன்னொரு வேலையை ஏற்றி வைப்பது என் நோக்கம் இல்லை. ரப்பர் வெட்டு ஒன்று, கணவரிடம் கேட்கிற கேள்வி ஒன்று, இந்த இரண்டு போதும். மீதி மகளுடையது. பெரும்பாலான நாட்களில் ஊர் மறுபடி 'அப்படியேதான்' இருக்கும், அது பரவாயில்லை.

கட்டுரையை நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுத வைக்காதீர்கள். "நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல, அது சரியில்ல, வா ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அம்மா தன் பதிலை மாற்றிக்கொள்கிறாள் என்பதைப் பார்ப்பது அவளுக்கு நல்லது. தாத்தாவை அவளே பேட்டி எடுக்கட்டும், நீங்கள் நடுவில் திருத்த வேண்டாம்.

மூணாறு? தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஓய்வுக்காகவும் மகளின் சந்தோஷத்துக்காகவும் போங்கள், மருந்தாக நினைத்துப் போகாதீர்கள். புது இடம் கண்ணைத் தட்டி எழுப்பும், ஆனால் அந்த விழிப்பு அந்த இடத்தோடு போய்விடும். ஒரு லாபம் உண்டு: திரும்பி வந்து வீட்டுப் படி ஏறுகிற முதல் கொஞ்ச நேரத்தில் ஷீட் வாடை உங்களுக்கு மறுபடி அடிக்கும், முற்றம் சின்னதாகவோ பெரிதாகவோ தெரியும். பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் நீங்களும் மகளும் கவனித்ததை ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் அது போய்விடும். மாமனாரைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டாம், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ரெண்டு நாள் வெட்டாவிட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஓய்வு நல்லதுதான். கிளம்புவதற்கு முன்னால் கட்டுரையை முடித்து நோட்டைப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள், லீவு முடிந்த அன்றைக்கே டீச்சர் கேட்பார்.